உள்ளே ஒருவர் மட்டும்

மார்ச் 4, செவ்வாய்

குளியலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. போன வாரம் வந்த குழாய்க்காரர், "அம்மா, இனிமே இது உங்க ஆயுசுக்கும் தாங்கும்" என்று உறுதி கொடுத்துவிட்டுப் போனார். என் ஆயுள் ஒரு வாரம் என்று கணக்குப் போட்டிருக்கிறார் போலிருக்கிறது.

மூத்தவள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அடுத்த வருஷம் ஓய்வு. இன்னும் அதே கணக்கு டீச்சர், அதே தோள்பை. அவள் வரும்வரை வீட்டில் நான் மட்டும். ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து சொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கண் அசந்திருக்க வேண்டும். குளியலறை வாசலில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். எட்டுப் பேரும், ஆளுக்கொரு துண்டோடு. எல்லோருக்கும் ஒரே வயது. அது எப்படி முடியும் என்று கனவிலேயே யோசித்தேன். ஒருவர் காதுக்குப் பின்னால் ஒருவர் சோப்புப் போட்டுவிடுகிறார்கள். நான் துண்டுகளின் ஓரம் நேராக மடிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறேன். வரிசை முடியவேயில்லை. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விழித்தபோது வெயில் மடியில் இருந்தது.

மார்ச் 7, வெள்ளி

கடைக்குட்டிக்கு ஏப்ரல் முதல் வாரம் என்று நாள் சொல்லியிருக்கிறார்கள். முப்பத்தொன்பது வயதில் முதல் பிரசவம். இனி இல்லை என்று எல்லோரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு வந்தது. மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் எஞ்சினியர். உலகத்தின் மறுபக்கம் இருக்கிறார், மே மாதம்தான் வர முடியும். "குழந்தை எனக்கு முன்னாடி வந்துட்டா கொஞ்சம் உட்காரச் சொல்லுங்க அத்தை" என்று போனில் சொன்னார். சிரிப்பு வந்தது. ஆனாலும் குரல் தழுதழுத்ததைக் கவனித்தேன்.

என் கணவரும் அப்படித்தான். நிலம் அளக்கிற வேலை. ஊர் ஊராகப் போவார். எட்டுப் பிரசவத்தில் ஒன்றுக்குக்கூடப் பக்கத்தில் இல்லை. "வெளியூர் போய்ட்டு வந்தா வீட்டுல ஒரு தலை கூடிடுது, இனிமே போகவே பயமா இருக்கு" என்று நண்பர்களிடம் சொல்வார். போவார். தலையும் கூடும்.

என் வெள்ளைப் பருத்திச் சேலையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன். பிரசவ அறைக்குள் ஒருவரைத் துணைக்கு விடுகிறார்களாம் இப்போதெல்லாம். நல்ல ஏற்பாடு. நான் எட்டுத் தடவையும் தனியாகக் கிடந்தேன், ஒரு தடவைகூடக் குரல் எழுப்பியதில்லை. பல் பிடுங்கும்போதுகூட முனகக் கூடாது என்று கான்வென்ட் சிஸ்டர்கள் வளர்த்த உடம்பு இது. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு சொல்வேன். நர்சுகள் அடுத்த கட்டில் பெண்களிடம் "அந்தம்மாவைப் பாருங்க" என்று என்னைக் காட்டுவார்கள். அந்த வலியிலும் அது காதில் விழும். விழுந்ததும் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும்.

நான் பக்கத்தில் நின்றால் போதும், கடைக்குட்டியும் சமாளித்துவிடுவாள்.

மார்ச் 8, சனி

கடைக்குட்டி, மூத்தவள், நான் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பார்த்து முடித்தபின் ஒரு நர்ஸ் வந்து உட்கார்ந்தாள். சின்னப் பெண், பேனாவைக் காதில் செருகியிருந்தாள். எல்லாம் விளக்கிவிட்டு, "உள்ளே ஒருத்தரைத்தான் விடுவோம். உங்ககூட யார் வர்றாங்க?" என்று கேட்டாள்.

நான் குடையை மூத்தவளிடம் கொடுத்துவிட்டு எழப் போனேன்.

"அக்கா" என்றாள் கடைக்குட்டி. யோசிக்கவே இல்லை. தாகமாக இருக்கிறவள் தண்ணீர் என்று சொல்கிற மாதிரி.

மூத்தவள் குடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நர்ஸ் எழுதிக்கொண்டாள். நான் எழுந்துவிட்டதால் எதற்காகவாவது எழ வேண்டுமே என்று ஜன்னல் திரையைச் சரிசெய்தேன். அது நேராகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேசினேன்.

மார்ச் 9, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. பீரோவை அடுக்கினேன். வெள்ளைச் சேலையை அடித்தட்டில் வைத்தேன்.

மார்ச் 12, புதன்

எழுதிவிட்டால் தெளியும் என்று சிஸ்டர்கள் சொல்வார்கள். எழுதிப் பார்க்கிறேன்.

கான்வென்ட் விடுதியில் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு பெரிய பெண்ணிடமும் ஒரு சின்னப் பெண்ணை ஒப்படைப்பார்கள். தலை வாருவது, ஷூ நாடா கட்டுவது, பாடம் ஒப்பிக்கச் செய்வது, அழுதால் தேற்றுவது, எல்லாம் பெரியவள் பொறுப்பு. ஜோடி என்று பெயர். எட்டுப் பிள்ளைகள் ஆனபோது நான் அந்த முறையைத்தான் இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேலே நான்கு, கீழே நான்கு. மேலே உள்ள ஒவ்வொருவருக்கும் கீழே ஒருவர். கடைசியாகப் பிறந்தவளை மூத்தவளிடம் கொடுத்தேன். அப்போது மூத்தவள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு கையில் புத்தகம், இடுப்பில் குழந்தை. நடந்துகொண்டே படிப்பாள்.

தெருவே எங்களைப் பார்த்து வியந்தது. எட்டுப் பிள்ளைகள் இருக்கிற வீடா இது, சத்தமே இல்லையே என்பார்கள். சட்டைப் பொத்தான் மாறிப் போட்ட பிள்ளை என் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

ஒரு நாள் கடைக்குட்டி பின்கட்டில் ஊஞ்சலிலிருந்து விழுந்தாள். முழங்காலில் ரத்தம். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்; கையில் இருந்ததைப் போட்டுவிட்டுக் குனிந்து கை இரண்டையும் நீட்டினேன். அவள் ஓடி வந்தாள். என்னைச் சுற்றிக்கொண்டு, எனக்குப் பின்னால் படியில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் போனாள். ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும் மூத்தவளுக்கு. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அந்தப் பிள்ளையை மடியில் வாங்கினாள்.

எனக்கு அன்று பெருமையாக இருந்தது. முறை நன்றாக நடக்கிறது என்று நினைத்தேன். ஈரச் சட்டையை எடுத்து மறுபடி கொடியில் போட்டேன்.

தெளியவில்லை.

மார்ச் 15, சனி

மத்தியானம் நாற்காலியில் கண்ணை மூடினால் எல்லாப் பிரசவமும் ஒன்றாகிவிடுகிறது. முதல் பிரசவத்து ஜன்னல், ஐந்தாவது பிரசவத்து மழை, மூன்றாவதில் யாரோ பக்கத்து அறையில் இருமிக்கொண்டே இருந்தார்கள், அந்த இருமல் — எல்லாம் ஒரே அறைக்குள் வந்துவிடுகின்றன. நான் கட்டிலில் படுத்திருக்கிறேன். கட்டில் தண்ணீரில் மிதக்கிறது. வலி ஒரு பக்கமிருந்து மெதுவாக வருகிறது, என்னைத் தூக்குகிறது, இறக்கிவிட்டுப் போகிறது. ஒரு பிள்ளை வெளியே வருகிறது. நர்ஸ் அதைக் கழுவி, துடைத்து, என்னைத் தாண்டி நின்றுகொண்டிருக்கும் ஒருத்தியின் கையில் கொடுக்கிறாள். அடுத்தது வருகிறது. அதையும் அவளிடமே கொடுக்கிறாள். அவள் முகம் தெரியவில்லை, பின்னல் மட்டும் தெரிகிறது. நான் கேட்கலாம், இங்கே கொடுங்கள் என்று. கேட்டால் குரல் உயர்ந்துவிடும். அதனால் கேட்கவில்லை.

விழித்தபோது கை இரண்டும் நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தன.

இத்தனை பெற்றவளுக்கு எது யார் பிறந்த மழை என்று தெரியவில்லையே. எண்பதை நெருங்கும் மூளை, வேறென்ன. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்த வருஷம் அம்மை போட்டது என்று கேட்டால் உடனே சொல்வேன்.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டாமவன், எங்கள் மீசைக்காரன், வாராவாரம் போல் போன் செய்தான். விஷயம் அவன் காதுக்கும் போயிருக்கிறது. "உங்களை உள்ளே விட்டா நீங்க டாக்டருக்கே மார்க் போடுவீங்கம்மா. அந்தாள் பயந்துபோய்க் குழந்தையைத் திரும்ப உள்ளே அனுப்பிடுவார்" என்றான். பாஸ் மார்க் வாங்குகிற டாக்டராக இருந்தால் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

போனை வைத்தபின் மூத்தவள் வந்து எதிரே நின்றாள். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள். அவள் வகுப்புப் பிள்ளைகள்தான் அப்படி நிற்பார்கள்.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு. ரத்தம்னாலே எனக்கு என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். நான் விழுந்துட்டா அவ என்னைப் பார்ப்பாளா, பிள்ளையைப் பெறுவாளா? நீங்களே போயிடுங்களேன்."

அவளிடம் சொன்னாயா என்று கேட்டேன். எப்படிச் சொல்வேன், அவள் என்னைத்தானே கேட்டாள் என்றாள். இதுவரை கடைக்குட்டி கேட்டு அவள் ஒன்றை இல்லையென்று சொன்னதில்லை.

"சரி, நான் பேசிப் பார்க்கிறேன்" என்றேன். குரலை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். ராத்திரிச் சாப்பாடு இன்று நன்றாக இறங்கியது.

மார்ச் 18, செவ்வாய்

கடைக்குட்டி வீட்டுக்குப் போனேன். நான்காவது மாடி. லிஃப்ட் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டேன். என் சொந்தப் பெண்ணிடம் ஒன்று கேட்கப் போவதற்கு இவ்வளவு ஒப்பனை.

அவள் கால் இரண்டையும் முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வானொலியில் செய்தி வாசிக்கிறவள் அவள். விடுப்பில் வந்தும் பேச்சில் அந்த நிறுத்தம், அந்த அளவு. காலையில் பாதிப் பட்டணம் அவள் குரலில்தான் விழிக்கிறது. அந்த உச்சரிப்பு என்னிடமிருந்து போனது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் இதுவரை என் பிள்ளைகள் யாரிடமும் எனக்கென்று ஒன்று கேட்டதில்லை. கேட்டேன். அக்கா பயப்படுவதைச் சொல்லவில்லை. அது அவளைக் காட்டிக்கொடுப்பதாகும். "உள்ளே நான் வரட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"நீங்க நின்னா என்னால கத்த முடியாதும்மா."

"எதுக்குக் கத்தணும்?"

"இதோ. இதைத்தான் சொல்றேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வருஷக்கணக்காக அளந்து அளந்து பேசிவிட்டேன், வேலையிலும் அதுதான், வீட்டிலும் அதுதான், அந்த ஒரு நாள் மட்டும் வாய்விட்டுக் கத்த வேண்டும் என்றிருக்கிறது என்றாள். "அக்கா முன்னாடி கத்தலாம். அவ என்னை எல்லா லட்சணத்துலயும் பார்த்தவ. உங்க முன்னாடின்னா… நான் சரியாப் பண்றேனான்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன்."

நான் பார்க்கவில்லையா உன்னை? வாய் வரை வந்தது. காபி ஆறிவிட்டது என்றேன்.

மார்ச் 19, புதன்

பெத்தவ நான். சுமந்தவ நான். நாற்பது வயசுல, கால் வீங்கி, படியேற முடியாம — இவளைத்தான் சுமந்தேன். சரியாப் பண்றேனான்னு யோசிப்பாளாம். யோசிக்கட்டுமே, என்ன தப்பு? நான் யோசிக்கலையா? யாரைக் கேட்டு அழுதேன் நான்? யார் இருந்தா எனக்கு?

இதற்கு மேல் எழுதினால் கையெழுத்துக் கெடும்.

மார்ச் 21, வெள்ளி

"கேட்டீங்களா அம்மா?" என்று மூத்தவள் காலையில் கேட்டாள். இன்னும் இல்லை, பார்க்கலாம் என்றேன். பொய். அவள் தலையாட்டிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனாள். முகம் வெளுத்திருந்தது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்குத் தெரியும். அவள் கடைசி நேரத்தில் பின்வாங்கினால் வேறு வழியில்லாமல் என்னைத்தான் கூப்பிட வேண்டும். மற்ற பிள்ளைகள் எல்லாம் தூரதேசம். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அவளைத் தேற்றாமல் இருந்தால் போதும்.

வெள்ளைச் சேலை அடித்தட்டில் கசங்கியிருக்குமோ என்று எடுத்துப் பார்த்தேன். கசங்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். சாப்பாட்டு மேசையில் மூத்தவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு தடித்த புத்தகம். பள்ளிப் புத்தகம் போலப் பழுப்பு அட்டை போட்டிருக்கிறாள். நான் பார்த்துவிடக் கூடாது என்று. பிரசவம் பற்றிய புத்தகம். திறந்திருந்த பக்கத்துப் படத்தின் மேல் இடது கையை அகல விரித்து மூடிக்கொண்டு, வலது விரலால் வரி வரியாகத் தொட்டு எழுத்தை மட்டும் படித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. அவள் பிடரியில் நரைமுடி வேர்த்து ஒட்டியிருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

"புத்தகத்தை மூடு" என்றேன். தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. "அவகிட்டக் கேட்டேன். நீதான் வேணும்கிறா. வா இங்கே, நான் சொல்றேன்."

ஜன்னலோரம் உட்கார வைத்தேன். எங்கே தொடங்குவது என்று எனக்கே தெரியவில்லை. எட்டுத் தடவை போய் வந்த ஊர், வழி கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வலி எப்படி இருக்கும் என்று கேட்டாள். தூரத்தில் ஒருவர் மேளம் அடித்துக்கொண்டு உன் தெருவுக்குள் திரும்புகிற மாதிரி என்றேன். போகப் போக உன் வீட்டு வாசலில் நின்று அடிப்பார். கடைசியில் உனக்குள்ளேயே அடிப்பார். இடையில் ஒரு அமைதி வரும். அதில் தூங்கிவிடலாம் போலிருக்கும். நான் தூங்கியிருக்கிறேன். அந்தச் சின்னத் தூக்கத்தில் முழுக் கனவு வரும், என் பள்ளித் தோட்டம், நடந்து முடியாத நீளப் பாதை. யாராவது வந்து எழுப்பினால் கோபம் வரும். "அந்த நேரத்துல அவளோட பேசாதே. நெத்தியை மட்டும் துடைச்சு விடு."

ரத்தம்? என்று கேட்டாள்.

"நீ அவ முகத்தை மட்டும் பார். அதுக்குக் கீழே பார்க்க அங்கே மத்தவங்க சம்பளம் வாங்குறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்ப்பாட்டு விஷயத்தையும் சொன்னேன். "அதனாலதான் நான் கணக்கு டீச்சர் ஆனேனா? பிறக்கும்போதே காதுல விழுந்திருக்கும்" என்றாள். வெளியே சொன்னால்தானே காதில் விழ?

அவள் கத்துவாள், கத்தினால் நீ பதறாதே, நிறுத்தச் சொல்லாதே என்றும் சொன்னேன்.

மார்ச் 26, புதன்

மூத்தவள் சாப்பிடுகிறாள். குழாய்க்காரர் வந்து போனார். இந்தத் தடவை உறுதி எதுவும் கொடுக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

தினமும் பள்ளி விட்டு வந்ததும் மூத்தவள் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். ஒவ்வொரு பிள்ளை பிறந்த கதையாகக் கேட்கிறாள். நான் மாற்றி மாற்றிச் சொல்கிறேன், ஒருவன் மழையை இன்னொருத்திக்குக் கொடுத்துவிடுகிறேன். அவள் திருத்துவதில்லை. இன்று கேட்டாள், "நான் பிறந்தப்போ?"

சொல்லத் தொடங்கியதும் எனக்கே வியப்பு. அது மட்டும் துல்லியமாக இருக்கிறது. எதுவும் கலக்கவில்லை. மற்ற எல்லாப் பிரசவத்திலும் வீட்டில் அடுப்பில் என்ன இருக்கிறது, சின்னது சாப்பிட்டதா என்று பாதி மனது வெளியே இருந்தது. அன்று யோசிக்க வேறு ஆளே இல்லை. இவள் ஒருத்திதான்.

உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக ஒரு சதுர வெயில் சுவரில் விழுந்து நகர்ந்துகொண்டே இருந்தது. சுண்ணாம்புச் சுவரில் ஒரு விரிசல், நதி மாதிரி. வெயில் அந்த நதிக்குள் இறங்கியபோது இவள் வந்தாள். நான் அதற்கு முன் எந்தக் குழந்தையையும் தூக்கியதே இல்லை. மார்மேல் வைத்தார்கள். கண் திறந்திருந்தது. ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பயணிகள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அழுதேனா?"

"இல்ல. தும்மினே."

"அப்புறம்?"

"அப்புறம் என் தோள்ல தூங்கிட்டே. அன்னைக்கு முழுக்க நான் உன்னைக் கீழே விடவே இல்ல. தொட்டில் எதுக்கு இருக்குன்னு நர்ஸ் திட்டினா. விடல."

மூத்தவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். "இதெல்லாம் எனக்கு யாரும் சொன்னதே இல்லை."

"நீ கேட்டதில்லையே."

"கேக்க நேரம் எங்கேம்மா இருந்துச்சு" என்றாள் சிரித்துக்கொண்டே. குறையாகச் சொல்லவில்லை. எழுந்து போய் விளக்கைப் போட்டாள். நான் கொஞ்ச நேரம் இருட்டிலேயே இருந்திருப்பேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

விடியும்போது கடைக்குட்டி போன் செய்தாள். மூத்தவளும் நானும் போய் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி சேர்ந்தோம். கதவருகே மூத்தவளுக்குப் பச்சை அங்கி மாட்டினார்கள். முடிச்சு பின்னால். அவள் கைக்கு எட்டவில்லை, நான் கட்டிவிட்டேன். "முகத்தை மட்டும் பார்" என்றேன். தலையாட்டினாள். கதவு மூடியது.

தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்ச். மருமகள் பிரசவத்துக்கு வந்த ஒரு பருமனான அம்மாள் மடியில் ஆரஞ்சுப் பழம் வைத்து உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் நாலு சுளை கொடுத்தார். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன். வெயில் ஏறியது. தரை துடைக்கிறவர் எங்கள் காலைத் தூக்கச் சொல்லித் துடைத்துவிட்டுப் போனார். நான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன் போலிருக்கிறது. தண்ணீரில் மிதக்கிற கட்டில் வந்தது.

அப்போதுதான் முதல் சத்தம் கேட்டது.

எனக்கு அடையாளம் தெரியவில்லை. அது காலையில் செய்தி வாசிக்கிற குரல் இல்லை. என் வீட்டில் அப்படி ஒரு சத்தம் எழுந்ததே இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, வளைந்து, தாழ்வாரத்தின் கடைசிவரை போய் மோதித் திரும்பியது. ஓய்ந்தது. மறுபடி வந்தது. வெட்கமே இல்லாமல், அளவே இல்லாமல். என் உடம்பெல்லாம் கேட்டது அதை. எட்டுத் தடவையும் நான் கம்பியில் விட்டுவிட்டு வந்தது இதுதானா?

ஆரஞ்சு அம்மாள் முகத்தைச் சுளித்தார். "யார் பெத்த பொண்ணோ, ஆஸ்பத்திரியையே தூக்குது. எங்க காலத்துல இப்படியா? வாயே திறக்க மாட்டோம்."

போன மாதம் கேட்டிருந்தால் இதே வார்த்தையை நானே சொல்லியிருப்பேன்.

"நான் பெத்த பொண்ணு" என்றேன். "கத்தட்டும். எங்க காலத்துல எங்களுக்குக் கத்தத் தெரியல."

அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த சத்தம் வந்தபோது தலையைச் சாய்த்துக் கேட்டார். "குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே."

"காலைச் செய்தியில கேட்டிருப்பீங்க" என்றேன். முதுகு நிமிர்ந்துவிட்டது எனக்கு.

பிற்பகலில் கதவு திறந்தது. மூத்தவள் வந்தாள். விழவில்லை. அங்கி ஒரு தோளிலிருந்து நழுவியிருந்தது, முன்கையில் நகம் பதிந்த வரிகள். பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம் என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அந்தத் தாழ்வாரத்தில், அத்தனை பேர் முன்னால், என் பெண் — ஐம்பத்தெட்டு வயதுப் பெண் — என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நான் கண்ணைத் துடைத்துக்கொள் என்று சொல்லவில்லை. அவள் உயரம், நான் நுனிக்காலில் எம்பிப் பிடித்துக்கொண்டேன்.

ஆரஞ்சுச் சுளைகள் என் கையில் நசுங்கிவிட்டிருந்தன.

ஏப்ரல் 5, சனி

குழந்தையைப் பார்த்தேன். காது மட்டும் எங்கள் பக்கம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்குட்டி தூக்கிக்கொள்ளுங்கள் என்றாள். நீ தூங்கு, அப்புறம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஏப்ரல் 9, புதன்

இதைக் கடைக்குட்டி வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கையில் கிடைத்த தாளில் எழுதுகிறேன். பிறகு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மூத்தவள் நான்கு நாள் ஆஸ்பத்திரியிலும் இங்கேயுமாக இருந்துவிட்டு நேற்று மாலைதான் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் என் கட்டிலில் அப்படியே விழுந்து தூங்கினாள். இன்று காலையும் எழவில்லை. திரையை இழுத்துவிட்டேன். போர்த்திவிட்டேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. போன் அடித்தது, மணி அவளை எழுப்பிவிடக் கூடாதே என்று ஓடினேன், இந்த வயதில்.

கடைக்குட்டி. "அக்காவைக் கூப்பிடுங்கம்மா."

"அக்கா தூங்குறா. என்கிட்டச் சொல்லு."

அந்தப் பக்கம் சத்தமில்லை. குழந்தை மட்டும் சிணுங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைத்துவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை, ஆலோசனை சொல்லவில்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன்.

"பால் குடிக்கவே மாட்டேங்குதும்மா" என்றாள் கடைசியில். "வாயை வைக்குது, விட்டுடுது, அழுவுது. எனக்கு ஒண்ணுமே சரியா வரல. நான் இன்னும் பல்லுகூட விளக்கல. வீடு எப்படி இருக்கு தெரியுமா? நீங்க பார்த்தா…" குரல் உடைந்தது.

"அழு" என்றேன். "வாய்விட்டு அழு. நான் கிளம்பி வர்றேன்."

வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்தபின் ஓட்டுநர் கண்ணாடி வழியாகத் தயங்கித் தயங்கி, "அம்மா, செருப்பு…" என்றார். குனிந்து பார்த்தேன். ஒரு காலில் என்னுடையது, இன்னொன்றில் மூத்தவளுடையது. திரும்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நேரே போங்கள் என்றேன்.

கதவைத் திறந்தபோது அவள் கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. தோளில் குழந்தை வீல் வீலென்று அலறியது, அவளும் அழுதுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் என் காலைப் பார்த்தாள். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

எப்படியோ கழுத்தைத் திருப்பி, எப்படியோ தலையணை வைத்து, தப்பும் சரியுமாக, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். எனக்கும் எல்லாம் மறந்துபோயிருந்தது. அதை அவளிடம் சொன்னேன். குடித்தது. இப்போது தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள். கழுவாத பாத்திரம் தொட்டி நிறைய இருக்கிறது. இருக்கட்டும்.

சற்று முன் மூத்தவள் போன் செய்தாள். எழுந்து பார்த்தால் வீட்டில் என்னைக் காணோம் என்று பயந்துபோயிருக்கிறாள். விஷயத்தைச் சொன்னேன். ரகசியக் குரலில்தான், குழந்தை எழுந்துவிடும்.

"நான் வரட்டுமாம்மா?"

"வேண்டாம். நீ தூங்கு. இங்கே நான் இருக்கேன்."